கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

“கடலிலிருந்து 0 மீட்டர்.”

விடுதி தேடும் செயலிகளில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் அது அபத்தமான எண். கடல் ஒரு கோடு கிடையாது. அலை ஏறி நிற்கும் இடம் ஒன்று, வடிந்து நிற்கும் இடம் இன்னொன்று; பௌர்ணமிக்கு ஓர் இடம், மற்ற நாட்களுக்கு வேறிடம். இந்தச் சிக்கலால்தான் கடற்கரைச் சட்டங்கள் ‘உயர் அலைக் கோடு’ என்று ஒன்றை வரைந்துகொண்டு அங்கிருந்து அளக்கின்றன. செயலிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அதற்கு ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான். எண் இருந்தால் வரிசைப்படுத்தலாம்.

வரிசைப்படுத்துவதுதான் என் பிழைப்பு. தேடல் முடிவுகளில் எது முதலில் வரவேண்டும், எது ஐந்தாவதாக வரவேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல்களோடு பத்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். விடுதிகள் அல்ல, வேறு சரக்கு. ஆனால் தர்க்கம் ஒன்றுதான். இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே ஒரு விஷயம் புரிந்துவிடும். மேலே இருப்பதை மக்கள் சொடுக்குகிறார்கள். அது நல்லதாக இருப்பதால் மட்டுமல்ல, மேலே இருப்பதாலும்தான். எங்கள் பாஷையில் இதற்கு ‘பொசிஷன் பயாஸ்’ என்று பெயர். சொடுக்கல் கூடினால் ‘இது நல்ல சரக்கு’ என்று இயந்திரம் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்டதால் மறுபடி மேலே வைக்கிறது. பணக்காரன் மேலும் பணக்காரன் ஆகிற கதை. போதாததற்கு, கூடுதல் கமிஷன் தருகிற விடுதியைப் பட்டியலில் கொஞ்சம் ஏற்றிவிடும் ஏற்பாடும் இந்தத் தொழிலில் சாதாரணம்.

இன்னொரு விஷயம் அவ்வளவு சீக்கிரம் புரியாது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது. அட்டவணையில் எந்தப் பத்தி இல்லையோ, அதை வைத்து வரிசைப்படுத்த முடியாது. ஏசி உண்டா, வைஃபை உண்டா, காலை உணவு உண்டா, கடல் எத்தனை மீட்டர், இதற்கெல்லாம் பத்தி இருக்கிறது. இந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்பதற்குப் பத்தி இல்லை. இல்லாத பத்தியைப் பற்றித் தேடுகிறவருக்குக் கேள்வியே எழாது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மறைக்கவில்லை. கட்டம் போடவில்லை, அவ்வளவே.

*

இந்த யோசனையெல்லாம் எனக்கு வந்தது அறுகம்குடாவுக்குப் போக அறை தேடியபோது.

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்குத் தெற்கே ஒரு பாலம் தாண்டினால் வரும் சின்ன ஊர் அது. பிரதான சாலை ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை அலைச்சறுக்கு சீசன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிறகு வடகீழ்ப் பருவமழை, பாதி கடைகள் மூடிவிடும். வெளிநாட்டவர்களுக்கு இது அருகம் பே. ஊர்க்காரர்களுக்கு உல்லை, சின்ன உல்லை. பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். வடக்கே கோமாரியில் தமிழர்கள், தெற்கே பாணமையில் சிங்களவர்கள். ‘ஸ்மூதி பௌல்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு ஒருவர் இன்னொருவரிடம் “எங்க வாப்பா போன?” என்று தமிழில் கேட்பது சென்னையிலிருந்து போகிறவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சிதான்.

வடிகட்டி வடிகட்டி மூன்று அறைகளில் வந்து நின்றேன். முதலாவது, மணலிலேயே கால் ஊன்றிய ஒரு கபானா. கட்டிலில் படுத்தபடி கடல் பார்க்கலாம். இரண்டாவது, சாலைக்கு மேற்கே ஒரு வீட்டின் பின்புறம் கட்டிய மூன்று அறைகளில் ஒன்று. படத்தில் தென்னை மரம், துணிக்கொடி, ஒரு பூனை. விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது, ஊரைவிட்டு விலகி, பாணமைப் பக்கம். அதன் விமர்சனங்களில் ஒரே வாக்கியம் விதவிதமாகத் திரும்பத் திரும்ப வந்தது: கடற்கரையில் யாருமே இல்லை. ஐந்து நட்சத்திரம்.

நான் ஒவ்வொரு இடமாகத் தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள்: “ஏம்ப்பா, நீ ரூம் புக் பண்றியா, இல்ல தீர்ப்பு எழுதுறியா?”

நியாயமான கேள்வி. மூன்று ராத்திரி தூங்க ஓர் அறை. இதில் அறம் எங்கே வந்தது?

*

மீட்டரில் வந்தது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கிழக்குக் கரைக்கு அடி பலம். உல்லையின் கடற்கரையில் வீடுகளும் விடுதிகளும் மீனவர்களின் வாடிகளும் போயின. பிறகு அரசு ஒரு விதியை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்குகள் கிடைத்தன. ஒருபக்கம் குடும்பங்கள் உள்நாட்டுப் பக்கம் தற்காலிகக் கொட்டகைகளில் இருக்க, மறுபக்கம் இதே ஊரை உயர்தரச் சுற்றுலாத்தலமாக மாற்றும் திட்டம் ஒன்று 2005-இலேயே அச்சாகி வந்துவிட்டது. விதி பின்னால் தளர்த்தப்பட்டது. ஆனால் கடற்கரையில் முதல் ஒரு வருடத்தில் யார் கட்டிக்கொள்கிறார்களோ அவர்கள்தான் இருபது வருடத்துக்கும் இருப்பார்கள்.

நவோமி க்ளெய்ன் 2007-இல் வெளிவந்த ‘தி ஷாக் டாக்ட்ரின்’ நூலில் ஓர் அத்தியாயத்தையே இந்த ஊரை வைத்து எழுதியிருக்கிறார். உலகில் நடக்கும் எல்லாவற்றிலும் ஒரே கையைப் பார்க்கிறவர் என்று எனக்கு அவர்மீது ஒரு மனக்குறை உண்டு. ஆனால் அந்த அத்தியாயம் கிளப்பும் கேள்வியை என்னால் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை. 200 மீட்டருக்குள் இருப்பது மீனவருக்கு ஆபத்து என்றால், எனக்கு எப்படி ஆபத்தில்லை?

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. பொறியாளன் மூளை உடனே ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கும். மீனவர் வருடத்துக்கு 365 இரவு அங்கே தூங்குகிறார், நான் மூன்று இரவு. அவர் வீடு ஓலையும் தகரமும், விடுதி கான்கிரீட். அபாயம் என்பது நிகழ்தகவும் இருப்புநேரமும் சேர்ந்த கணக்கு, இரண்டு பேருக்கும் ஒரே விடை வராது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறது. கடலோரம் இருப்பதால் மீனவருக்குக் கிடைப்பது பிழைப்பு. எனக்குக் கிடைப்பது காட்சி. படகு கிடக்கும் இடம், வலை பொத்துகிற இடம், கருவாடு காய்கிற இடம், கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று விடிகாலையில் வாசலில் நின்று பார்க்கிற இடம் எல்லாம் அவருக்கு ஒன்றாகவே இருந்தாக வேண்டும். ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்றால், அந்த உரிமை முதலில் யாருக்கு? கடலை ஐம்பது வருடம் படித்தவருக்கா, ‘0 மீட்டர்’ என்று தேடியவனுக்கா?

இது இலங்கைக்கு மட்டுமான விசித்திரம் இல்லை. இந்தியாவில் 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் கட்டுமானம் கூடாது என்றது. 2019-இல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமக் கரைகளில் அந்த 200-ஐ 50 ஆக்கிவிட்டது. கடல் அரிப்பு எல்லா ஊரிலும் பேச்சாக இருக்கும் காலத்தில் இந்தக் குறைப்பு. கடல் முன்னேறுகிறது, கோடும் முன்னேறுகிறது. எண்கள் இயற்கையிலிருந்து வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

*

மூன்றாவது அறைக்கு வருகிறேன். யாருமே இல்லாத கடற்கரை.

பாணமை அறுகம்குடாவிலிருந்து தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில். அதற்கும் தெற்கே போனால் உகந்தை முருகன் கோயில், அதைத் தாண்டினால் குமண காடு. 2010 ஜூலையில் ஓர் இரவு, பாணமைக்குப் பக்கத்தில் ராகம்வெல என்ற இடத்துக்கு ஆயுதம் தாங்கிய ஆட்கள் வந்தார்கள். குடிசைகள் எரிந்தன, மக்கள் விரட்டப்பட்டார்கள். அந்த வட்டாரத்தில் சாஸ்திரவெல உட்பட ஐந்து குடியிருப்புகளின் நிலை இதுதான். சுமார் 350 குடும்பங்கள். பிறகு அந்தக் காணிகளில் விமானப்படையும் கடற்படையும் முகாம் போட்டன. கடற்படை நடத்தும் கபானாக்கள் வந்தன. 2015 பிப்ரவரியில் அமைச்சரவை 340 ஏக்கரை விடுவிப்பதாக முடிவெடுத்தது. முடிவு காகிதத்தில் இருந்தது. 2016 மார்ச்சில், காத்திருந்தது போதும் என்று சில குடும்பங்கள் தாங்களே உள்ளே போய்க் கொட்டகை போட்டு உட்கார்ந்தன.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இலங்கையில் ராணுவம் பிடித்த நிலம் என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சித்திரம் தயாராக இருக்கும். அது பொய்யான சித்திரமும் அல்ல. காங்கேசன்துறையில், இடம்பெயர்ந்த தமிழர்களின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், ராணுவம் ‘தல்செவன’ என்று ஒரு விடுதியே நடத்தியது. ஆனால் பாணமையில் விரட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். போர் முடிந்த அடுத்த வருடம், போரில் தோற்காத தரப்பின் ஏழைகள். அழகான கடற்கரையும், பலவீனமான பத்திரமும், சுற்றுலா வரப்போகிறது என்ற செய்தியும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் இனம்கூட ஒருவரை முழுசாகக் காப்பாற்றுவதில்லை.

என் பட்டியலிலிருந்த மூன்றாவது இடம் அந்தக் காணிகளில் இல்லை. பக்கத்தில், முறையான தனியார் நிலத்தில். சட்டப்படி அதன்மேல் ஒரு கீறல் இல்லை. ஆனால் அது விற்கிற சரக்கு என்ன? அறை அல்ல, வெறுமை. ஃப்ரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலாளர் 1976-இல் எழுதிய புத்தகத்தில் ஒருவகைப் பண்டங்களைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர்களுக்கு இல்லாமல் இருப்பதாலேயே மதிப்புள்ளவை அவை. ‘நிலைசார் பண்டங்கள்’ என்று மொழிபெயர்க்கலாம். நெரிசல் இல்லாத கடற்கரை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அரிசி அப்படி இல்லை, நான் சாப்பிடும் சோறு ருசிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘யாருமே இல்லை’ என்பதன் ருசிக்கு மட்டும், யாராவது இல்லாமல் இருந்தே ஆகவேண்டும்.

வெறுமையெல்லாம் குற்றம் என்று சொல்லவரவில்லை. காட்டோரக் கரை அது, பல இடங்கள் எப்போதுமே ஆளற்றவைதான். ஆனால் எது எப்போதும் ஆளற்றது, எது ஆளற்றதாக ஆக்கப்பட்டது என்பது படத்தில் தெரியாது. இரண்டுக்கும் மணல் ஒரே நிறம்.

*

இந்த இடத்தில் மனைவி எடுத்த வாதம் எல்லோரும் எடுப்பதுதான், ஆனால் பலமானது. “நீ அங்க தங்கலன்னா வேற ஒருத்தர் தங்குவார். ரூம் காலியா இருக்கப்போறதில்ல. நீ தங்கினதால ஒரு மீனவரும் நகரல, தங்காததால ஒருத்தரும் திரும்பப்போறதில்ல. அப்புறம் யாருக்காக இந்த வேஷம்?”

டெரெக் பார்ஃபிட் 1984-இல் வந்த ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் இந்த வாதத்துக்காகவே ஒரு கற்பனையைச் செய்திருக்கிறார். ஆயிரம் சித்திரவதையாளர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொரு சித்திரவதையாளரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அது ஆயிரம் கைதிகளின் வலியையும் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டும், அதாவது எந்தக் கைதிக்கும் அந்த ஒரு பங்கு தனியாக உறைக்காது. எல்லோரும் அழுத்தி முடித்ததும் ஆயிரம் பேரும் தாங்கமுடியாத வலியில் இருப்பார்கள். ஒவ்வொருவரும் ‘நான் யாருக்கும் உறைக்கும்படி எதுவும் செய்யவில்லை’ என்று உண்மையாகவே சொல்லலாம். பார்ஃபிட்டின் முடிவு, உறைக்காத தீங்கும் தீங்குதான், சேர்ந்து செய்வதில் என் பங்கைத் தனியாகக் கழற்றிவைத்துப் பேச முடியாது.

தினமும் லட்சம் சொடுக்கல்களைப் பார்க்கும் எனக்கு இது தத்துவமே இல்லை, அலுவலக நடைமுறை. ஒரு சொடுக்கலுக்கு மதிப்பே இல்லை. ஆனால் ஒற்றைச் சொடுக்கல்களைத் தவிர வேறெதுவும் அந்த இயந்திரத்துக்குள் போவதும் இல்லை. அது கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் மதிப்பில்லாத ஒன்றுகளிலிருந்து கற்றதுதான்.

ஆனாலும் பார்ஃபிட்டின் கற்பனையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. சித்திரவதையால் கைதிக்கு ஒரு நன்மையும் இல்லை. விடுதியால் ஊருக்கு நன்மை இருக்கிறது. வரவேற்பு மேசையில் உட்காரும் பெண், ஆட்டோ ஓட்டும் பையன், அலைச்சறுக்குச் சொல்லித்தரும் மீனவர் மகன் எல்லோருக்கும் சீசனில்தான் சம்பாத்தியம். தகப்பன் தோணியில் போனதால் மகனும் போகவேண்டும் என்று நினைப்பது என்னைப் போல ஏசியில் உட்கார்ந்து கடலை நேசிப்பவர்களின் சொகுசு. ஆகவே ‘சுற்றுலா தீது’ என்ற முடிவு எனக்கு உதவாது.

‘உள்ளூர்க்காரரிடம் தங்கு, வெளியாளிடம் தங்காதே’ என்ற சூத்திரமும் தோன்றுகிற அளவுக்குச் சுத்தமில்லை. 2014-ஆம் ஆண்டின் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் நிலம் வாங்க முடியாது, ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். உரிமையாளர் பெயர் உள்ளூர், லாபம் எங்கோ என்பது நடக்கக்கூடியது. மறுபக்கம், பல வருடமாக இங்கேயே கிடந்து, ஊர் ஆட்களுக்கு வேலை கொடுத்து, அவர்களுடைய கல்யாணத்திலும் மையத்திலும் நிற்கிற வெளிநாட்டவரும் உண்டு. கொழும்பிலிருந்து வந்த முதலாளி உள்ளூரா? வளைகுடா நாட்டில் பதினைந்து வருடம் உழைத்த காசில் ஆறு கபானா கட்டி, கரைவலை இழுக்க வருபவர்களைத் தன் வேலியோரம் விடாமல் துரத்துகிற பொத்துவில்காரர் உள்ளூர்தான், சந்தேகமில்லை. அவரை என்ன செய்வது?

*

கரைவலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் என் மனதில் விஷயம் தெளிந்தது அங்கேதான்.

தோணியில் வலையைக் கடலுக்குள் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். இதற்கு நீளமான, தடையில்லாத மணல் வேண்டும். இந்த நீளத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். எந்தப் பாட்டில் யார் வலை போடலாம் என்பதற்கு வழக்கமும் அனுமதியும் உண்டு. ஆனால் பாடு யாருக்கும் சொந்தக் காணி அல்ல. அங்கே வேலி போட முடியாது, விற்க முடியாது. வலை இழுக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அது அவர்களுடையது. பிறகு நாய்களுடையது, பிள்ளைகளுடையது, பந்து விளையாடுபவர்களுடையது.

கடற்கரை எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் இயற்கையாகப் பொதுவானவை என்று இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை நம் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததும், பியாஸ் நதியின் போக்கையே திருப்பிவிட்ட ஒரு சுற்றுலா விடுதி தொடர்பான வழக்கில்தான். விடுதியும் பொதுச்சொத்தும் முட்டிக்கொள்வது புதிதல்ல.

ஆனால் ‘எல்லோருக்கும் பொது’ என்பது வழுக்கலான சொல். எல்லோரிலும் நானும் உண்டே! மீனவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு எனக்கும் என்று நான் சாய்வு நாற்காலியைப் பாட்டின் நடுவில் போட்டுக்கொள்ளலாம். பொது என்ற சொல் இருவரையும் சமமாக்கி, பிறகு காசுள்ளவரை ஜெயிக்கவைக்கும். பாடு என்ற சொல்லில் இந்த வழுக்கல் இல்லை. அது யாருடையது என்று கேட்பதில்லை, இப்போது யாருக்குத் தேவை என்று கேட்கிறது.

அறைகளை நான் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது இப்படித்தான். ஒருவரோடு சேர்ந்து அனுபவிக்கக்கூடிய சுகம் ஒன்று. அவர் அங்கே இல்லாதபோது மட்டுமே கிடைக்கிற சுகம் இன்னொன்று. மீன் குழம்பு, அலை, உகந்தைக் கோயில் பாறைமேல் அடிக்கிற காற்று எல்லாம் முதல் வகை. கட்டிலிலிருந்து தடையில்லாமல் தெரிகிற கடல் இரண்டாவது வகை, ஏனென்றால் அங்கே படகு கிடந்தால், வலை காய்ந்தால், கருவாட்டு வாடை வந்தால் விமர்சனத்தில் ஒரு நட்சத்திரம் குறையும். உரிமையாளர் உள்ளூரா வெளியாளா என்பது இந்தப் பிரிவினையில் வரவே வராது. நல்லவரா கெட்டவரா என்பதும் வராது. நான் காசு கொடுத்து வாங்குவது இன்னொருவரின் இன்மையையா, அவ்வளவுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சாலைக்கு மேற்கே இருக்கும் வீடும் சுற்றுலா வந்ததால் நிலவிலையை ஏற்றித்தான் விட்டிருக்கும். நான் அங்கே தங்குவதால் கபானாவின் கம்பிவேலி ஓர் அங்குலம் நகராது. ஆனால் நகரவைப்பது ஒன்றுதான் ஒரு செயலுக்கு நியாயம் என்றால், நாம் ஒருவருக்கொருவர் செய்கிற பாதி காரியங்களுக்கு நியாயமே இருக்காது. எழவு வீட்டுக்குப் போகிறோம், செத்தவர் எழுந்திருப்பார் என்றா போகிறோம்?

மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய கட்சி வேறு: “காசு மிச்சம், பூனை இருக்கு. அதனால அந்த வீடு.” அறம் அவ்வளவு லேசாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

*

வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் அக்கா என்றோம், அவர் என்னைத் தம்பி என்றும் மனைவியை மகள் என்றும் கூப்பிட்டார். இந்த உறவுக்கணக்கு எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் நாள் உகந்தைக்கு ஆட்டோவில் போய்வந்தோம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் அங்கே வந்து சேரத் தொடங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வாரக்கணக்கில் நடந்து வந்து, கோயில் வளாகத்தில் மரத்தடியில் துணியை விரித்துப் படுத்திருந்தார்கள். காட்டுவழி திறந்ததும் குமண, யால வழியாக மிச்சத்தை நடப்பார்கள். அதே கரை, அதே கடல். அவர்களிடம் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு இடமே இல்லை. கால் வலிக்கிற இடத்தில் கோயில் இருந்தால் போதும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, சுனாமிக்கு முன்னால் வீடு எங்கே இருந்தது என்று அக்காவே சொன்னார்.

“அங்கதான், கடக்கரையில. இப்ப பெரிய கபானா ஒண்டு இரிக்கே, அதுக்கு முன்னால. வாப்பாட வாடியும் அங்கதான் இரிந்த.”

அது என் பட்டியலின் முதல் அறை இருந்த இடமா என்று மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு கபானா வரிசை தள்ளி, ஆனால் கிட்டத்தட்ட அதுதான். திரும்பப் போய்க் கட்ட நினைக்கவில்லையா என்று கேட்டேன்.

“பேமிட்டு தரல்ல. பொறகு தந்தாங்க, அதுக்குள்ள நாங்க இங்கால வந்திட்டம்.” கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, “எனக்கு இப்ப கடல் பாக்குற ஆசை இல்ல தம்பி. மகனுக்குத்தான் அந்த இடம் போனது கவல. எனக்கு வாப்பாட வாடி போனதுதான்” என்றார்.

பிறகு அவர் எங்கள் பக்கம் திருப்பினார். “உங்கட ஊருல கடக்கரையில ஆரு இரிக்காங்க?”

மெரினாவைப் பற்றிச் சொன்னேன். 1985-இல் கட்டுமரங்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப் போய்த் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. 2023-இல் லூப் ரோட்டின் ஓரத்தில் மீன் விற்பவர்களை அகற்றும்படி உயர் நீதிமன்றம் சொல்ல, நொச்சிக்குப்பத்துக்காரர்கள் சாலையை மறித்தார்கள். இப்போது அவர்களுக்கென்று ஒரு சந்தைக் கட்டடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் மீன் வாங்குவோம்.

“என்ன மீன்?”

“வஞ்சிரம், கிடைச்சா.”

“வஞ்சிரமெண்டா?”

மனைவி போனில் படம் தேடி எடுத்துக் காட்டினாள். அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஓ… அறுக்குளா!” என்றார். கிலோ என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். மனைவி அது போன மாத விலை என்று திருத்தினாள். இலங்கை ரூபாயில் எவ்வளவு என்று அவர் மகனைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். எண்ணைக் கேட்டதும், நம்பாமல், இன்னொரு தரம் போட்டுப் பார்க்கச் சொன்னார்.